ஒளிக்கும் ஒளிக்கும் நடுவே ஒரு மென்படலம்

இருட்டறையில் இரண்டு டார்ச் விளக்குகளின் கற்றைகளை ஒன்றன் குறுக்கே மற்றொன்று செல்லுமாறு பாய்ச்சினால், சந்திக்கும் இடத்தில் எந்தக் கற்றையும் வளைவதில்லை, சிதறுவதில்லை, நிறம் மாறுவதுமில்லை. சந்திப்பைக் கடந்த பின் ஒவ்வொன்றும், மற்றொன்றை வழியில் கண்ட சுவடே இல்லாமல், தன் போக்கில் நேரே செல்கிறது. ஓர் அறையிலுள்ள நூறு பொருள்களிலிருந்து வரும் ஒளி குழம்பாமல் கண்ணை வந்தடைவதற்கும், தலைமுடியளவே பருமனுள்ள ஒரே கண்ணாடி இழைக்குள் பல அலைநீளங்களில் செல்லும் தொலைபேசி உரையாடல்களும் இணையத் தகவல்களும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் போய்ச் சேர்வதற்கும் ஒளியின் இந்த ஒட்டாத் தன்மையே காரணம்.

தகவலைச் சுமந்து செல்வதற்குப் பெருந்துணையாக இருக்கும் இதே தன்மை, தகவலைக் கையாள வேண்டிய இடத்தில் பெருந்தடையாகிவிடுகிறது. டிரான்சிஸ்டரில் ஒரு சிறு மின்னழுத்தம் மற்றொரு மின்னோட்டத்தைச் செல்லவிடவும் நிறுத்தவும் வல்லது. கணினியின் அத்தனை திறனும் இந்த ஒரு செயலின் மீதே எழுப்பப்பட்டிருக்கிறது. ஒளி அவ்வாறு மற்றோர் ஒளிக்குக் கட்டுப்படாததால், கண்ணாடி இழைகளில் வரும் செய்தியை ஆராய்ந்து வழி பிரித்து அனுப்ப வேண்டிய இடங்களில் ஒளி முதலில் மின்குறிப்பாக மாற்றப்பட்டு, மின்னணுச் சில்லுகளால் கையாளப்பட்டு, மீண்டும் ஒளியாக்கப்படுகிறது; ஒவ்வொரு மாற்றத்துக்கும் காலமும் ஆற்றலும் செலவாகின்றன. ஒரு கற்றையைக் கொண்டே மற்றொரு கற்றையைத் திறக்கவும் மூடவும் திருப்பவும் முடிந்தால் இந்தச் செலவைத் தவிர்க்கலாம் என்ற எண்ணம் அறிவியலாளர்களை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஈர்த்துவருகிறது. அதற்கு இரண்டு கற்றைகளுக்கும் இடையே ஒரு தூதர் தேவை. அந்தத் தூதர் பொருள்தான்.

பொருள் எவ்வாறு தூது செல்கிறது

ஒளி என்பது மின்புலமும் காந்தப்புலமும் மாறி மாறி அலைந்து முன்னேறும் அலை. அது ஒரு கண்ணாடிக்குள்ளோ படிகத்துக்குள்ளோ நுழையும்போது அதன் மின்புலம், அணுக்களோடு பிணைந்துள்ள எலெக்ட்ரான்களை இருபுறமும் அசைக்கிறது. அசையும் எலெக்ட்ரான்கள் தாமும் ஒளியை வெளிவிடுகின்றன. இரண்டும் சேர்ந்த அலை வெற்றிடத்தில் செல்வதைவிட மெதுவாகச் செல்கிறது. அந்த வேகக் குறைவைக் குறிக்கும் எண்ணே ஒளிவிலகல் எண். மெல்ல ஆட்டப்படும் ஊஞ்சல், ஆட்டத்தின் அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ஒரே கால அளவில் வந்து போவதைப் போல, வலிமை குறைந்த ஒளியில் எலெக்ட்ரானின் அசைவு மின்புலத்துக்கு நேர்விகிதத்திலேயே இருக்கிறது. அந்நிலையில் ஒளிவிலகல் எண் மாறுவதில்லை. ஒரு கற்றை வந்ததை மற்றொரு கற்றை அறிவதுமில்லை. ஊஞ்சலை மிக உயரத்துக்கு வீசி ஆட்டினால் அந்தக் கால ஒழுங்கு குலைவதைப் போல, ஒளியின் மின்புலம் மிக வலுத்தால் எலெக்ட்ரானின் அசைவும் நேர்விகிதத்தை விட்டு விலகுகிறது. இவ்வாறு விகிதம் மீறிய நிலையில் ஒளியும் பொருளும் நடந்துகொள்ளும் முறையை ஆராய்வதே நேரிலா ஒளியியல்.

இதற்கு வேண்டிய வலிமை சாதாரண ஒளியில் கிடைப்பதில்லை. நண்பகல் வெயிலின் மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வோல்ட் மட்டுமே. அணுவுக்குள் எலெக்ட்ரானைப் பிடித்துவைத்திருக்கும் மின்புலமோ மீட்டருக்கு ஏறத்தாழ அரை லட்சம் கோடி வோல்ட்டை எட்டுவது. 1875இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜான் கெர், கண்ணாடிக்குக் குறுக்கே வலுவான மின்புலத்தைச் செலுத்தினால் அதன் ஒளியியல் பண்பு மாறுவதைக் கண்டறிந்தார். எனினும் அந்த மின்புலத்தை வெளியிலிருந்து மின்சாரத்தால் தர வேண்டியிருந்தது. ஒளியே அதைத் தருவதற்கு லேசர் பிறக்கும்வரை உலகம் காத்திருக்க நேர்ந்தது. 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டிய அடுத்த ஆண்டே, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் அவருடைய குழுவினரும் 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியை ஒரு குவார்ட்ஸ் படிகத்துக்குள் குவித்து, அதற்குச் சரிபாதியான 347 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதா ஒளி வெளிவருவதைப் படத்தட்டில் பதிவு செய்தனர். அந்தப் பதிவு அவ்வளவு மங்கலான புள்ளியாக இருந்ததால், ஆய்விதழில் அச்சேறும்போது அது அழுக்கென்று கருதி நீக்கப்பட்டது. புதிய துறையொன்றின் முதற்சான்று, அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைச் சுட்டி நிற்கும் படமாக வெளிவந்தது. மறு ஆண்டில் நிக்கோலாஸ் புளூம்பர்கனும் உடன் பணிபுரிந்தவர்களும் இவ்விளைவுகளுக்கு முழுமையான கோட்பாட்டை வகுத்தளித்தனர். புளூம்பர்கனுக்கு 1981இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அன்று புள்ளியாகத் தெரிந்தது இன்று கைக்கடக்கமான கருவியாகியிருக்கிறது. வகுப்பறைகளில் திரையைச் சுட்டிக்காட்டப் பயன்படும் பச்சை லேசர் குச்சிகள் பலவற்றுக்குள், கண்ணுக்குத் தெரியாத 1,064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை 532 நானோமீட்டர் பச்சை ஒளியாக மாற்றும் சிறு படிகம் ஒன்று அமைந்திருக்கிறது. இவ்வகை அதிர்வெண் இரட்டிப்பு, அணுக்களின் அடுக்கில் மையச் சமச்சீர் இல்லாத படிகங்களில் மட்டுமே பேரளவில் நிகழும். ஒளியின் செறிவுக்கேற்ப ஒளிவிலகல் எண் மாறும் மற்றொரு வகை விளைவு, கண்ணாடி உட்பட எல்லாப் பொருள்களிலும் நிகழக்கூடியது.

ஒளி பொருளின் துணையோடு மாற்றம் பெறும் இக்கதையில் திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சி.வி. ராமனுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, மூலக்கூறுகளின் அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறுகிறது என்று 1928இல் அவர் கண்டறிந்தார். வலிய லேசர் ஒளியில் அதே சிதறல் பன்மடங்கு பெருகித் தூண்டப்பட்ட சிதறலாக மாறுவது 1962இல் கண்டறியப்பட்டது. அந்த விளைவைக் கொண்டு, தொலைதூரக் கண்ணாடி இழைகளில் களைத்துவரும் செய்தி ஒளிக்கு மற்றொரு லேசர் ஒளியின் ஆற்றலை ஊட்டிப் பெருக்கும் கருவிகள் இன்று ராமன் பெருக்கிகள் என்ற பெயரிலேயே இயங்குகின்றன.

மென்படலம் ஏன்

கண்ணாடியைப் போன்ற பொருள்களில் இவ்விளைவுகள் எவ்வளவு மெலிந்தவை என்பதை ஓர் எண் உணர்த்தும்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கோடி வாட் என்ற கடுஞ்செறிவில் ஒளியைப் பாய்ச்சினாலும் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஒரு கோடியில் மூன்று பங்களவே மாறுகிறது. விளைவின் மொத்த அளவு, பொருளின் இயல்பான வலிமை, ஒளியின் செறிவு, ஒளி பொருளுக்குள் கடக்கும் தொலைவு ஆகிய மூன்றையும் பொறுத்தது. அதனால் மெலிந்த பொருளாயினும் கிலோமீட்டர் கணக்கில் நீளும் இழையாக இருந்தால் போதிய விளைவைத் தந்துவிடும். ஆனால் கிலோமீட்டர் நீளத்தை ஒரு சில்லுக்குள் சுருட்டிவைக்க இயலாது. ஒரு மைக்ரோமீட்டரும் தடிமனில்லாத மென்படலத்தில் இதைச் சாதிக்க வேண்டுமானால், ஒன்று பொருளின் வலிமை அளவிறந்து கூட வேண்டும், அல்லது ஒளியைப் படலத்தின் குறுக்கே ஊடுருவவிடாமல் அதன் நீளவாக்கில் ஓடவிட வேண்டும். இத்துறையின் இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுபவையே.

படலமாக்குவதில் பிற நன்மைகளும் உள்ளன. பெரும் படிகமாக வளர்க்க முடியாத சேர்மங்களையும் வெற்றிடக் கலனுக்குள் ஆவியாக்கிக் கண்ணாடியின் மீது படியவைக்கலாம். கரைசலாகக் கிடைப்பவற்றைச் சுழலும் தட்டில் சொட்டாக விட்டு, சுழற்சியின் விசையாலேயே சீராகப் பரப்பலாம். மின்னணுச் சில்லுகளைச் செய்யும் அதே ஆலை முறைகளால் அவற்றைச் செதுக்கி, அடுக்கி, இணைக்கலாம். எனினும் எந்தப் படலமாயினும் அது மூன்று தேர்வுகளில் தேற வேண்டும். முதலாவது வலிமை: சிறிதளவு ஒளியாற்றலே பெரிய மாற்றத்தை உண்டாக்க வேண்டும். இரண்டாவது வேகம்: கட்டளை ஒளி போனவுடன் படலம் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். மூன்றாவது இழப்பின்மை: படலம் ஒளியை விழுங்கிவிடக் கூடாது. விழுங்கப்படும் ஒளி வெப்பமாகிப் படலத்தையும் கெடுக்கும். ஒளியை ஆவலோடு உட்கவரும் பொருளே பெரும்பாலும் வலிமையான விளைவைத் தருவதால், முதல் தேர்வில் தேறுவது மூன்றாம் தேர்வில் தவறுவது வழக்கமாகிவிட்டது. இந்த முரண்பாட்டோடு நடத்தும் போராட்டமாகவே இத்துறையின் வரலாறு அமைந்திருக்கிறது.

தனக்குத் தானே கதவு திறக்கும் ஒளி

உட்கவர்தலையே பயனாக மாற்றிக்கொண்ட படலங்கள்தாம் இதுவரை பெருவழக்கில் வந்துள்ளன. 1992இல் உர்சுலா கெல்லர் உருவாக்கிய சிறப்புக் கண்ணாடியில், ஒளியைத் திருப்பியனுப்பும் அடுக்குகளின் மீது, சில நானோமீட்டரே தடிமனுள்ள குறைகடத்திப் படலம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. மெல்லிய ஒளி வந்தால் படலத்திலுள்ள எலெக்ட்ரான்கள் அதை உட்கவர்ந்து மேல்நிலைக்கு ஏறிவிடுகின்றன. செறிந்த ஒளி வந்தால், அதன் முற்பகுதியை உட்கவர்ந்த உடனேயே மேல்நிலையிலுள்ள இடங்களெல்லாம் நிரம்பிவிடுவதால், எஞ்சிய ஒளி தடையின்றிச் சென்று திரும்புகிறது. கூட்டம் மிகுந்தபோது மட்டும் திறந்துவிடப்படும் கோயில் பக்கவாயிலைப் போல, ஒளியின் செறிவே தன் வழியைத் திறந்துகொள்கிறது. இத்தகைய கண்ணாடியை லேசரின் உள்ளே ஒரு முனையில் வைத்தால், முன்னும் பின்னுமாக அலையும் ஒளியில் தற்செயலாக எழும் செறிந்த முகடு ஒவ்வொரு சுற்றிலும் இழப்பின்றித் தப்பிப் பெருக, மெலிந்த பகுதிகள் ஒவ்வொரு சுற்றிலும் தேய்ந்து மறைகின்றன. முடிவில் தொடர்ந்து பாயும் ஒளிக்குப் பதிலாகக் குறுகிய துடிப்புகள் வரிசையாக வெளிவருகின்றன. அத்துடிப்புகள் ஃபெம்டோ வினாடிக் கணக்கில் நீடிப்பவை. ஒரு வினாடியோடு ஒப்பிட ஒரு ஃபெம்டோ வினாடி எவ்வளவு சிறியதோ, 3 கோடி ஆண்டுகளோடு ஒப்பிட ஒரு வினாடி ஏறத்தாழ அவ்வளவு சிறியது. கண் அறுவை மருத்துவத்தில் கார்னியா என்னும் முன்புறப் படலத்தை, சுற்றியுள்ள திசுக்கள் கருகாமல் வெட்டுவது இத்தகைய குறுந்துடிப்புகளே. 2009இலிருந்து, ஒரேயோர் அணுவின் தடிமனும் வெள்ளொளியில் 2.3 விழுக்காட்டை உட்கவரும் தன்மையும் கொண்ட கிராஃபீன் படலமும் இப்பணிக்குப் பயன்படுத்தப்பட்டுவருகிறது.

இதற்கு நேரெதிராக, செறிவு கூடக்கூடக் கதவை மூடிக்கொள்ளும் படலங்களும் உண்டு. தாலோசயனின் என்ற சேர்மக் குடும்பத்தின் பல உறுப்பினர்கள் மெல்லிய ஒளியைத் தாராளமாக விட்டு, வலிய ஒளியைக் கூடுதலாக உட்கவர்கின்றன. கண்ணையும் ஒளியுணர் கருவிகளையும் திடீர் லேசர் ஒளியிலிருந்து காக்கும் வடிகட்டிகளுக்காக இவை ஆராயப்படுகின்றன. வண்ண அச்சில் நீலத்தைத் தரும் மையின் நிறமி பெரும்பாலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த செப்புத் தாலோசயனின் என்பதால், படத்தோடு அச்சான இதழ் ஒன்றைப் புரட்டும் வாசகரின் விரல்கள் இச்சேர்மத்தை அறியாமலே தொட்டுச் செல்கின்றன.

தொடுதிரைப் படலத்தின் மறுமுகம்

கைபேசித் தொடுதிரையில் மின்சாரத்தைக் கடத்தியும் ஒளியை மறைக்காமலும் இருக்கும் படலம் இண்டியம் டின் ஆக்சைடால் ஆனது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கண்ணாடியாகவும் நீண்ட அகச்சிவப்பு ஒளியில் உலோகமாகவும் நடந்துகொள்ளும் இப்பொருள், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில், ஏறத்தாழ 1,240 நானோமீட்டர் அருகே, விடுதிறன் பூச்சியத்தை நெருங்கும் விந்தை நிலையை அடைகிறது. மின்புலத்துக்குப் பொருள் எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்பதைக் குறிக்கும் அளவே விடுதிறன். ஒளிவிலகல் எண் அதன் வர்க்கமூலம். ஓர் எண் பூச்சியத்துக்கு அருகில் இருக்கும்போது அதில் நிகழும் சிறு மாற்றம் வர்க்கமூலத்தைப் பெரிதாக மாற்றிவிடுகிறது. 100ஐ 101 ஆக்கினால் வர்க்கமூலம் 10இலிருந்து 10.05 ஆகவே உயரும், 0.01ஐ 1.01 ஆக்கினாலோ அது 0.1இலிருந்து 1ஐத் தாண்டிவிடும்.

இந்த எளிய கணக்கைப் பயன்படுத்தி 2016இல் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 310 நானோமீட்டர் தடிமனுள்ள இண்டியம் டின் ஆக்சைடு படலத்தின் ஒளிவிலகல் எண்ணை லேசர் துடிப்பால் 0.72 அளவுக்கு மாற்றிக் காட்டினர். கண்ணாடியில் கோடியில் சில பங்காகப் பேசப்பட்ட மாற்றம் இங்கே முழு எண்ணை நெருங்கியது; துடிப்பின் ஆற்றலால் சூடேறிய எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ 360 ஃபெம்டோ வினாடிகளில் குளிர்ந்து பழைய நிலைக்குத் திரும்பின. 2023இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இதே பொருளின் படலத்தை லேசர் துடிப்புகளால் இருமுறை மிக விரைவாகப் பிரதிபலிக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, இரட்டைப் பிளவுச் சோதனையைக் காலத்திலேயே நிகழ்த்தினர். வழக்கமான சோதனையில் இடத்தால் பிரிந்த இரு பிளவுகளைக் கடந்த ஒளி திரையில் வரிவரியாக விழும். இங்கே காலத்தால் பிரிந்த இரு கணங்களில் பிரதிபலித்த ஒளி, அதிர்வெண்களில் வரிவரியாகப் பிரிந்தது. வலிமையிலும் வேகத்திலும் இவ்வளவு சிறந்த இப்படலம், ஒளியின் கணிசமான பங்கை உட்கவர்ந்துவிடுவதால், மூன்றாம் தேர்வில் பின்தங்குகிறது.

படலத்துக்குள் ஓடும் ஒளி

இழப்பின்மையில் முன்னிற்பது லித்தியம் நயோபேட். மின்குறிப்பை ஒளிக்குறிப்பாக மாற்றும் கருவிகளில் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் இப்படிகத்தை மென்படலமாக்கும் முறை நேர்த்தியானது. படிகத் தட்டின் மீது ஹீலியம் அயனிகளை, சில நூறு நானோமீட்டர் ஆழத்தில் சென்று தங்குமாறு கணக்கிட்ட வேகத்தில் செலுத்துகின்றனர். பின்னர் அந்தத் தட்டைக் கவிழ்த்து, சிலிக்கா பூசிய வேறொரு தட்டோடு ஒட்டிச் சூடேற்றுகின்றனர். உள்ளே தங்கிய வாயு விரிந்து, அதே ஆழத்தில் படிகம் பிளந்து, மேலே ஒரு மெல்லிய படலம் மட்டும் ஒட்டியபடி நிற்கிறது. எளிதில் செதுக்க இணங்காத இப்படலத்தில், ஒளி சிந்தாமல் ஓடும் வழுவழுப்பான நுண்வாய்க்கால்களைச் செதுக்கும் கலையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்கோ லோன்சாரின் குழு 2017ஐ ஒட்டிய ஆண்டுகளில் உயர்ந்த நிலைக்குக் கொண்டுவந்தது.

வாய்க்காலின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு சதுர மைக்ரோமீட்டர் என்பதில்தான் இதன் ஆற்றல் அடங்கியிருக்கிறது. வெறும் ஒரு மில்லிவாட் ஒளி அந்தக் குறுகிய பரப்பில் அடைக்கப்பட்டால் அதன் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 1 லட்சம் வாட். இது நண்பகல் வெயிலைப் போல 10 லட்சம் மடங்கு. அத்துடன் அந்தச் செறிவு, லென்சால் குவித்த கற்றையைப் போலச் சற்றுத் தொலைவில் விரிந்து போகாமல், வாய்க்காலின் நீளம் முழுவதும் நீடிக்கிறது. 2022இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இத்தகைய வாய்க்காலில் அமைத்த ஒளித்திறவி, வலிமை குன்றிய துடிப்பை வழியிலேயே வடித்துவிட்டு, வலிய துடிப்பை இருமடங்கு அதிர்வெண்ணுக்கு மாற்றித் தடையைக் கடக்கவைத்து மீண்டும் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தது. அதற்குச் செலவான ஆற்றல் சில பத்து ஃபெம்டோ ஜூல். திறந்து மூடிய காலம் 50 ஃபெம்டோ வினாடிக்கும் குறைவு. ஆயினும் வாய்க்காலின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில் இருப்பதால், அந்த ஒரு திறவி பிடிக்கும் இடத்தில் டிரான்சிஸ்டர்களைப் பல்லாயிரக் கணக்கில் அடுக்கிவிடலாம்.

எங்கே பயன், எங்கே இல்லை

ஒளியாலேயே கணிக்கும் கணினி என்ற கனவு புதிதன்று. 1976இல் பெல் ஆய்வகத்தில் கிப்ஸ், மெக்கால், வெங்கடேசன் ஆகியோர், சோடியம் ஆவியை இரு கண்ணாடிகளுக்கிடையே அடைத்து, ஒரே அளவு ஒளி உள்ளே வந்தாலும் முந்தைய நிலையைப் பொறுத்து வெளிவரும் ஒளி இருவேறு அளவுகளில் நிலைப்பதைக் காட்டினர். நினைவகத்துக்கும் திறவிக்கும் அடிப்படையான இந்தப் பண்பு விரைவில் குறைகடத்திகளிலும் கண்டறியப்பட்டதால், 1980களில் நம்பிக்கை உச்சத்தை எட்டியது. ஒரு திறவியின் வெளியீடு வலிமை குன்றாமல் அடுத்த பல திறவிகளை இயக்க வேண்டும், வழியில் சேரும் சிறு பிழைகள் ஒவ்வொரு படியிலும் திருத்தப்பட வேண்டும், கோடிக்கணக்கான திறவிகளின் வெப்பம் தாங்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் அந்த அலை தணிந்தது. ஒளியின் அலைநீளம் மைக்ரோமீட்டரை ஒட்டியது. அதைவிடப் பல மடங்கு சிறிதாகிவிட்ட டிரான்சிஸ்டரோடு எண்ணிக்கையில் போட்டியிடுவது ஒளித்திறவிக்கு இயல்வதன்று.

ஆகவே மின்னணுக் கணினியை அகற்றிவிட்டு அந்த இடத்தில் அமர்வது இப்படலங்களின் பணியாக இருக்கப்போவதில்லை என்பதே இதுவரையான சான்றுகள் தரும் தீர்ப்பு. செய்தி ஏற்கெனவே ஒளியாக ஓடிக்கொண்டிருக்கும் இழைச் சந்திகளில் அதன் அலைநீளத்தை மாற்றுவது, மின்னணுவியல் எட்டாத வேகத்தில் துடிப்புகளை வெட்டியெடுப்பது, லேசர் இல்லாத நிறங்களில் ஒளியை உண்டாக்குவது, கண்ணையும் கருவியையும் காப்பது ஆகியவையே அவற்றின் உண்மையான களங்கள்; அவற்றுள் சிலவற்றில் அவை ஏற்கெனவே நாள்தோறும் உழைக்கின்றன. ஒளியால் ஒளியை ஆளும் புதிய படலம் ஒன்று கண்டறியப்பட்டதாக இனி வரும் செய்திகளைப் படிக்கும்போது வாசகர் மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது: அதை இயக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும், அது எவ்வளவு விரைவில் பழைய நிலைக்குத் திரும்புகிறது, வழியில் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது. இம்மூன்றுக்கும் ஒருங்கே நல்ல விடை தரும் படலம் இன்னும் கிடைக்கவில்லை.